ஜெரிஷ் வீட்டில் நாலு போர்வெல்

சாயா நன்றாக இருக்கிறது சார். முக்கியமாக உப்பு இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு எங்கள் ஊரில் சாயா என்றால் சீனி போட்ட மீன் குழம்பு மாதிரி ஒரு ருசி. ஜெபிஷின் சாயாக்கடையில் ஆட்கள் கிளாஸை வாங்கியதும் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகுதான் குடிப்பார்கள். நாளடைவில் அது பழக்கமாகிவிட்டது. வெளியூரில் நல்ல சாயா கொடுத்தாலும் முன்கூட்டியே சுளித்துவிடுகிறோம். இப்போது நான் சுளித்ததும் அதனால்தான். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளித்து வைத்திருந்த ஒன்றையும் போன வாரம் ஊரே சேர்ந்து தோண்டி எடுத்துவிட்டது.

என் பெயர் சஜின். ஊர் மேட்டுத்துறை. கடியப்பட்டணத்தில் பஸ் ஏறினால், கண்டக்டர் சில்லறை தேடி முடிப்பதற்குள் எங்கள் ஊர் வந்துவிடும். எம்.எஸ்ஸி. புவி இயற்பியல் படிக்கிறேன். ஊரில் எனக்கு இரண்டு பதவிகள். ஊரின் ஒரே விஞ்ஞானி நான்தான். ஊர்க் கால்பந்து அணியின் இரண்டாவது கோல்கீப்பரும் நான்தான். இந்த இரண்டாவது பதவிக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை. ஒரு முழுமைக்காகச் சொன்னேன்.

இரண்டாவது கோல்கீப்பர் என்றால் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுவது. முதல் கோல்கீப்பருக்குக் கால் சுளுக்கினால் உள்ளே போவது. எங்கள் முதல் கோல்கீப்பர் ஜெரிஷ். அவனுக்குக் கால் சுளுக்கியதே இல்லை. நான் எட்டாம் வகுப்பிலிருந்து காத்திருக்கிறேன், ஒரு தும்மல்கூட வரவில்லை அவனுக்கு. பந்து தானாக வந்து அவன் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். நல்ல பையன். அதுதான் அவனிடம் உள்ள தொந்தரவு.

இனி தண்ணீருக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கிணறுகளில் கொஞ்ச காலமாக உவர்ப்பு ஏறிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்திலிருந்து ஒரே ஒரு போர்வெல்லும் ஒரு டாங்கும் அனுமதித்தார்கள். எங்கே தோண்டுவது என்று ஊர்க் கமிட்டியில் பேச்சு வந்தது. தலைவர் மரியான் மாமா, "வெளியூர்க்காரன் எவனையும் கூப்பிடண்டாம். நம்ம பய ஒருத்தன் பூமிக்க வயித்துக்குள்ள பாக்க படிக்கான்லா" என்றார். ஊரே என்னைப் பார்த்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பவனை ஊர் பார்ப்பது அபூர்வம். நான் ஒத்துக்கொண்டேன்.

முறை எளிமையானது. தரையில் ஒரு இரும்புத் தகட்டை வைத்துப் பெரிய சுத்தியலால் அடிக்க வேண்டும். சத்தம் கீழே போய், பாறை அடுக்கில் பட்டு, மேலே திரும்பும். வரிசையாக மண்ணில் குத்தி வைத்திருக்கும் ஜியோபோன்கள் அந்த எதிரொலியைக் கேட்டுச் சொல்லும். கருவிகளை என் பேராசிரியர் ஞானசிங் சார் கல்லூரியிலிருந்து தந்தார். மைதானத்தின் வடக்குக் கோல் கம்பத்திலிருந்து தெற்குக் கோல் கம்பம் தாண்டி கடற்கரை வரைக்கும் ஒரே நேர்கோடாக வயர் இழுத்தேன்.

ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் ஆரம்பித்தோம். இதற்கு முழு அமைதி வேண்டும். எங்கள் ஊரில் அமைதி என்பது பூசைப் புத்தகத்தில் மட்டும் உள்ள ஒரு சொல். கோயில் மைக்செட்டை நிறுத்தினார்கள். நாய்களுக்கு மீன் தலை போட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருத்தினார்கள். கடலை மட்டும் நிறுத்த முடியவில்லை. எங்கள் அணியின் முன்கள வீரன் பிபின் அதற்கும் முயன்றான். கரையில் போய் நின்று, "ஏலே, கொஞ்சம் சும்மா கெடயேம்லே" என்று கடலைப் பார்த்துக் கத்தினான். அந்தக் கத்தல் என் பதிவில் தெளிவாக விழுந்திருக்கிறது. வேண்டுமானால் சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியல் அடிக்க வரிசை நின்றது. நான் இருவரைத்தான் கேட்டிருந்தேன், வந்தது திருவிழாக் கூட்டம். மீன் விற்கும் குளோரி மாமி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எனக்க மாப்பிளய நெனச்சி அடிக்கட்டா மக்கா?" என்று கேட்டுவிட்டு அடித்தாள். எல்லாவற்றிலும் சுத்தமான எதிரொலி அதுதான். அவள் புருஷன் அடுத்த ஆளாக வரிசையில் நின்றிருந்தார். வரிசையை விட்டுப் போய்விட்டார்.

அன்றைய நாளை ஊரில் யாரும் மறக்க முடியாது சார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் நான் செய்த ஒரே தவறு.

அடுத்து நீங்கள் ஒரு சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கீழே உள்ள அடுக்கு பாய் விரித்த மாதிரி மட்டமாக இருந்தால் கஷ்டமே இல்லை. அடித்த இடத்துக்கும் கேட்ட இடத்துக்கும் நட்ட நடுவில், நேர் கீழே பட்டுத்தான் எதிரொலி திரும்பியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வரையலாம். ஆனால் எங்கள் ஊரின் அடியில் பாறை கடலைப் பார்த்துச் சாய்ந்து இறங்குகிறது. சாய்வு இருந்தால் கதை வேறு.

கடல் தடுப்புச் சுவரில் சரிவாக ஒரு கல் கிடக்கிறது என்று வையுங்கள். நீங்கள் பந்தை உதைத்து அது உங்கள் கைக்கே திரும்ப வேண்டும். காலுக்கு நேர் கீழே உதைத்தால் பந்து சரிவில் பட்டுக் கடலுக்குப் போகும். கல்லின் முகத்துக்கு நேராக, கொஞ்சம் மேட்டுப் பக்கமாகத் திரும்பி உதைத்தால்தான் கைக்கு வரும். சத்தமும் அப்படித்தான். நம்மிடம் திரும்பி வந்த எதிரொலி எல்லாம் மேட்டுப் பக்கத்தில் பட்டுத்தான் வந்திருக்கும். அது தெரியாதவன் அதைத் தன் காலுக்கு நேர் கீழே வரைவான். அவன் படத்தில் எல்லாமே கடல் பக்கமாக நகர்ந்து நிற்கும். படம் அழகாக இருக்கும், இடம் மட்டும் பொய்யாக இருக்கும்.

இதற்குத்தான் சாய்வுத் திருத்தம். சிதறிக் கிடக்கும் எதிரொலிகளை முதலில் அவை பட்ட புள்ளிக்கு ஒதுக்கி, அப்புறம் அந்தப் புள்ளியை அதன் சொந்த இடத்துக்கு நகர்த்துவது. கம்ப்யூட்டரே செய்துவிடும். சாய்வு எவ்வளவு என்று நாம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து முதலில் திருத்தம் இல்லாமல் படம் எடுத்தேன். பாறையில் ஒரு பள்ளம், அதில் தண்ணீர் தங்குவதற்கான அறிகுறி, எல்லாம் தெளிவாக இருந்தது. இடம், தெற்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஜெரிஷ் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் அடுக்களை.

பிறகு திருத்தம் போட்டேன். பள்ளம் அடுக்களையை விட்டுக் கிளம்பியது. ஜெரிஷின் முற்றத்தைக் கடந்தது. கோல் கம்பத்துக்கு அடியில் புகுந்தது. மூன்று தென்னை தூரம் வடக்கே வந்து, யாரோ குறி வைத்து வைத்த மாதிரி, பெனால்டி புள்ளியில் நின்றது.

நான் ஒரு முறுக்கு தின்றேன். தின்று முடித்ததும் திருத்தத்தை எடுத்துவிட்டேன்.

காரணம் கேட்டால் எவரும் ஒத்துக்கொள்வார்கள். ஊர்த் திருவிழாக் கோப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. கிழக்குத்துறைக்காரர்கள் வருடா வருடம் வந்து, ஜெயித்து, எங்கள் பிரியாணியையும் தின்றுவிட்டுப் போகிறார்கள். பெனால்டி புள்ளியில் போர் லாரி ஏறினால் மைதானம் சேறு. பக்கத்தில் மோட்டார் ரூம், மேலே டாங்க். கோப்பையை எங்கே நடத்துவது, கோயில் முற்றத்திலா? மைதானத்துக்காகத்தான் செய்தேன். திருவிழா முடியும் வரைக்கும் மட்டும். அதுவரை ஊர் தாகத்தைத் தாங்கும் என்பது என் கணிப்பு. கணிப்பு சரியாகவே இருந்தது. பெரும்பாலானவர்கள் தாங்கினார்கள்.

ஞானசிங் சார் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து போன் பண்ணினார். "சாய்வுத் திருத்தம் போட்டியா?" என்று கேட்டார். "போட்டேன் சார்" என்றேன். அது பொய் இல்லை. போட்டேன். பிறகு எடுத்தேன். எடுத்தாயா என்று அவர் கேட்கவில்லை. பாயசம் வந்துவிட்டது.

கமிட்டியில் படத்தை விரித்தேன். மரியான் மாமா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்ல வெடிப்பா இருக்கு" என்று பாராட்டினார். இடம் ஜெரிஷின் அடுக்களை என்றதும் கூட்டம் அமைதியானது. சுத்தியல் அடித்த அன்று கிடைக்காத அமைதி.

ஜெரிஷைப் பற்றி நான் மட்டும்தான் கவலைப்பட்டேன் என்று நினைக்கிறேன். சுவர்கள் எழும்பி, மேலே தளம் வார்க்காமல் நின்ற வீடு. திருவிழா முடிந்ததும் அதில் அவனுக்கும் ஜின்சிக்கும் கல்யாணம் என்று பேச்சு. ஜின்சி எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவன் எழுந்து நின்றான். மறுப்பான், கொஞ்சம் சண்டை நடக்கும், அதில் திருவிழா வந்துவிடும், ஒரு துளி மண்ணும் கெடாது என்று நான் எதிர்பார்த்தேன்.

"ஊருக்கு குடிக்க வெள்ளம் கெடச்சா செரி மக்கா. அடுக்கள பொறவு கெட்டலாம்" என்றான்.

பாருங்கள் சார். நான் ஏற்கெனவே சொன்னேன், அதுதான் அவனிடம் உள்ள தொந்தரவு.

வீட்டுக்கு மேல் தளம் இல்லாதது ஒரு வசதியாகப் போயிற்று. முன் சுவரை இடித்ததும் போர் லாரி உள்ளே நுழைந்து கோபுரத்தை நிமிர்த்திக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டுக்குள் இன்னொரு கோயில் எழும்பின மாதிரி இருந்தது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அந்த மனையில் விழுந்த நல்ல தண்ணீர் அது ஒன்றுதான்.

முதல் போர், அடுக்களையில். தண்ணீர் வந்தது. எல்லாரும் குதித்தார்கள். மரியான் மாமா முதல் மடக்கைக் குடித்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். தலைவர் துப்பக்கூடாது என்பதால் விழுங்கினார். "மீனு களுவலாம்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு விஞ்ஞானி தன் தவறைத் திருத்திக்கொள்ளத் தயங்கக்கூடாது. "ஒரு அறை தள்ளிப் போடலாம்" என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கடல் பக்கம் கையைக் காட்டினேன்.

இரண்டாவது போர், ஹாலில். பஞ்சாயத்துப் பணம் ஒரு போரோடு முடிந்ததால், இனி எல்லாம் ஊரில் பிரித்த காசு. தண்ணீரே இல்லை. வெள்ளைத் தூசி மட்டும் பறந்தது. வேடிக்கை பார்த்த கூட்டம் முழுக்க வெள்ளையாகி, முதல் நன்மை வாங்க வெள்ளை உடுப்பில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்தது. குளோரி மாமி கூடை மீனைத் துடைத்துக்கொண்டே, "பவுடரு போட்ட சாளைய ஆருட்டி வேங்குவா?" என்று என் அம்மாவிடம் கேட்டாள்.

மூன்றாவது போர், படுக்கை அறையில். தண்ணீர் பீறிட்டது. அதில் ஒரு நண்டு வந்ததாக பிபின் சத்தியம் செய்கிறான். அத்தனை ஆழத்திலிருந்து நண்டு வராது. ஆனால் தண்ணீரைக் குடித்துப் பார்த்த யாரும் அவனை மறுக்கவில்லை.

நான்காவது போர், மாதா சொரூபம் வைக்க ஜின்சி ஆசைப்பட்டு மாடம் விட்டிருந்த இடத்தில். அதைப் பற்றி விவரம் வேண்டாம். அந்தத் தண்ணீரில் கருவாடு ஊறப்போட்டால் உப்புப் போட வேண்டியதில்லை என்று சாயாக்கடை ஜெபிஷ் கண்டுபிடித்தான்.

நாலு போருக்குப் பிறகு அது வீடாக இல்லை. நாலு ஓட்டை, இரண்டு சுவர், ஒரு ஜன்னல். ஜன்னலை மூடி வைத்திருந்தார்கள், எதற்கென்று தெரியவில்லை. ஜெரிஷ் ஒருநாள் அந்த ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பக்கத்தில் போனேன்.

"அஞ்சாமத்தது எங்க மக்கா போடணும்?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். இன்னும் எந்த அறை மிச்சம் என்று அவனே சுற்றிப் பார்த்தான். ஒன்றும் மிச்சமில்லை என்றதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. இருவரும் ஓட்டைகளுக்கு நடுவே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எங்கள் நட்பில் அது ஒரு நல்ல நாள்.

அடுத்த வாரம் அவன் கொச்சியில் மீன்பிடி போட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கு ஆகும். வீட்டை முதலிலிருந்து கட்ட வேண்டும், வேறு வழியில்லை. கல்யாணம் தள்ளிப் போயிற்று. போகும்போது கையுறையை என்னிடம் கொடுத்தான். "திருவிழாக்கு நான் இருக்க மாட்டேன். நீ நில்லு. மேட்டுல வாற பந்த மட்டும் பைய பாத்துக்கோ" என்றான்.

கையுறை எனக்குக் கொஞ்சம் பெரிதுதான். விரல் நுனியில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. தங்கபாய் மாமி. ஜெரிஷின் அம்மா.

வீடு கட்டுவதற்காக மனையின் ஓரத்தில் ஒரு ஷெட் போட்டு மாமி அதில் இருந்தாள். மாமிக்கு பிரஷர் உண்டு. உப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கருவாடு வறுக்கும் வீட்டைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அப்படிப்பட்டவள், அடுக்களையில் போட்ட முதல் போர் தண்ணீரை ஊரில் யாரும் குடிக்கவில்லை என்றதும் மனம் தாங்காமல் தானே குடிக்க ஆரம்பித்தாள். மகன் ஊருக்குக் கொடுத்த மண்ணிலிருந்து வந்த தண்ணீர் அது. மீன் கழுவுகிறார்களே என்று அவளுக்குக் கோபம்.

லாரித் தண்ணீர் வரும் நாளிலும் குடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஷெட்டுக்கு யார் போனாலும் ஒரு கிளாஸ் நீட்டுவாள். நானும் போனேன். நீட்டினாள்.

"குடிச்சிப் பாரு மக்கா. நம்ம மண்ணுல வந்தது. ஊருல உள்ளவனுவளுக்கு நாக்குல எளவு."

குடித்தேன். அலமாரியில் மாத்திரை அட்டை இருந்ததையும் பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல தண்ணி மாமி" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும் சார்? குடிக்காதீர்கள் என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் நான் தோண்டச் சொன்ன இடம் தப்பு என்றாகும். தப்பு என்றால் சரியான இடம் எது என்று வரும். ஒரு கேள்வியிலிருந்து இன்னொன்று, அப்படியே மூன்று தென்னை தூரம் போய் பெனால்டி புள்ளியில் நிற்கும். திருவிழாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதுவுமல்லாமல் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் அப்படிச் சொன்ன பிறகு அவள் இரண்டு கிளாஸாகக் குடிக்க ஆரம்பித்தாள் என்று ஜின்சி சொல்கிறாள். அதைத்தான் உங்களிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். டாக்டரும் உப்பு என்றுதான் சொல்கிறாராம். டாக்டர் எதிரொலியைக் கேட்டுச் சொல்கிறவர் இல்லை, நான் அதில் கருத்துச் சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஆட்டம் பிடிக்குமா? பிடிக்கும் என்று முகத்தில் தெரிகிறது.

முதல் பாதியில் பிபின் ஒரு கோல் போட்டான். கோல் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்து ஓடினான், பழைய கணக்கு ஏதோ இருந்திருக்கும். இரண்டாம் பாதியில் நான் தெற்குக் கம்பத்துக்கு மாறினேன். எனக்குப் பின்னால் ஜெரிஷின் ஜன்னல். அதற்கும் பின்னால் ஷெட். அங்கிருந்து ஒரு அலறல் கேட்டது. ஜின்சியின் குரல். தங்கபாய் மாமி கிளாஸோடு சரிந்து விழுந்துவிட்டாள், வலது பக்கம் இழுத்துக்கொண்டது.

ஷெட்டுக்கு வண்டி வர வேறு வழியில்லை, மைதானத்துக்குள்ளேதான் வர வேண்டும். ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸ் நடுக்கோட்டைத் தாண்டி, பெனால்டி புள்ளியின் மேல் ஏறி, கம்பத்தை ஒட்டிப் போயிற்று. அன்று என் காவலில் கோல் கோட்டைத் தாண்டிய ஒரே பொருள் அதுதான். மாமியை ஏற்றினார்கள். ஜின்சியும் ஏறினாள். எல்லாரும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். கோல்கீப்பருக்கு உடம்பு ஆறக்கூடாது என்பதால் நான் கை கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் தொடர்ந்தது. கடைசி நிமிடங்களில் கிழக்குத்துறைக்காரன் ஒருவன் பந்தோடு வந்தான். நான் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்துவிட்டேன். பெனால்டி.

அவன் பந்தைப் புள்ளியில் வைத்தான். வறண்ட நாக்கோடு ஊர் முழுக்க அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பந்துக்கு நேர் கீழே, பாறையின் பள்ளத்தில், இத்தனை பேரும் குடித்துக் குளித்து மீதியை வாழைக்கு விடும் அளவுக்கு நல்ல தண்ணீர் கிடந்தது. அத்தனை கூட்டத்தில் அதைத் தெரிந்தவன் நான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், தோள் குலுங்கியது. பெனால்டி கீப்பர் சிரிப்பதை அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது. குழம்பிவிட்டான். பந்து நேராக வந்து என் முழங்காலில் பட்டுத் திரும்பியது.

முழங்கால், பந்து வந்த திசைக்கு நேராக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்படி அவன் காலுக்கே திரும்பியிருக்காது. அவன் மறுபடி அடித்தது கம்பத்துக்கு மேலே, முன் சுவர் இல்லாத ஜெரிஷின் வீட்டுக்குள் போயிற்று. எந்த ஓட்டையில் விழுந்தது என்று இன்னும் தெரியவில்லை.

என்னைத் தோளில் தூக்கினார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து அந்த மைதானத்தை நான் தரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து பார்க்க நன்றாக இருந்தது.

நான் வாக்குத் தவறாதவன் சார். மறுநாளே கமிட்டிக்குப் போய், இனி பெனால்டி புள்ளியில் தோண்டுங்கள் என்றேன். கோப்பை ஜெயித்த மயக்கத்தில் மரியான் மாமா, "நீ சொன்னா கடலுக்குள்ளயும் தோண்டலாம்லே" என்றார். லாரி வந்தது. சாமியார் வந்தார். மதியத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மரியான் மாமா குடித்தார். இந்த முறையும் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார், விழுங்க மனம் வராமல். குளோரி மாமி கூடையைக் கவிழ்த்து அதன் மேல் அடியோ அடி என்று தாளம் போட்டாள். பிள்ளைகள் சேற்றில் உருண்டார்கள். என்னை மறுபடி தோளில் தூக்கினார்கள். இரண்டு நாளில் இரண்டு தடவை.

அப்போதுதான் ஜின்சி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். மாமிக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோக வேண்டுமாம். பாட்டிலை நிரப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் மேலே இருந்தேன்.

"சஜினே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு டீச்சரே."

"இந்த எடத்த எப்பம் கண்டுபிடிச்ச?"

"நேத்துதான். அந்த நாலு போருக்க கணக்கையும் சேத்து வச்சி மறுபடி பாத்தேன்."

"நேத்து சுத்தியல் ஆரு அடிச்சா?"

கூட்டத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுத்தியல் அடித்தால் எங்கள் ஊரில் தெரியாமல் போகாது. மைக்செட் நிற்க வேண்டும், நாய்க்கு மீன் தலை போட வேண்டும், பிபின் கடலிடம் பேச வேண்டும்.

"நான் அடிக்கல்ல" என்றாள் குளோரி மாமி. "எனக்க அடி இல்லாம எதிரொலி எப்பிடி மக்கா வரும்?"

"அடிக்காம கேட்டியா?" என்று ஜின்சி மறுபடி கேட்டாள். கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்கிற மாதிரி பொறுமையாகக் கேட்டாள். "போர் போட்டா அந்த ஓட்டைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும். மூணு தெங்கு தள்ளி என்ன இருக்குன்னு அது சொல்லுமா? பழைய அடியிலேயே இது இருந்துதா?"

கணக்கு டீச்சர்களிடம் பொய் சொல்வதில் பிரயோஜனமில்லை. இருந்தது என்றேன். எப்போதிலிருந்து தெரியும் என்றாள். அடித்த அன்று சாயங்காலத்திலிருந்து என்றேன். ஒரு முறுக்கு தின்று முடிக்கிற நேரம் என்றும் சொன்னேன், முழுமைக்காக.

தோளிலிருந்து இறக்குவதில் ஒரு ஒழுங்கு உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் குனிய வேண்டும். அன்று யாரும் குனியவில்லை. கையை மட்டும் எடுத்துவிட்டார்கள். சேறாக இருந்ததால் அடி படவில்லை.

மாமியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன் சார், நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஜின்சி பாட்டிலிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து மாமியின் வாயில் விட்டாள். பாதி வழிந்தது. மாமி என்னைப் பார்த்து, கோணிய வாயால், "நம்ம மண்ணுல வந்தது" என்றாள். ஜெரிஷின் அடுக்களைத் தண்ணீர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. இந்த ஒரு திருத்தத்தைப் போடாமல் விட்டதற்காக என்னை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

ஜெரிஷ் கரைக்கு வந்துவிட்டான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். உங்கள் ஏட்டையா அவனுக்கும் சாயா கொடுத்ததைப் பார்த்தேன். அவன் முகத்தைச் சுளித்தானா? சுளிக்க மாட்டான். அவன் எங்கள் தண்ணீரை அதிகம் குடிக்கவில்லை. கடலில் இருக்கும்போது போனில் சிக்னல் கிடைத்ததும் முதலில் அம்மாவைப் பற்றிக் கேட்டான், அப்புறம் என்னிடம், "பெனால்டி புடிச்சியாமே, கொள்ளாம்லே" என்றான். அது ஜின்சி அவனிடம் சொல்வதற்கு முன்பு. அவள் சொன்ன பிறகு என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஜின்சி மட்டும் எனக்குக் கேட்கும்படி ஒன்று சொன்னாள். ஜெரிஷ் நின்றிருந்தால் அந்தப் பெனால்டியே வந்திருக்காதாம்.

அதை எழுதிக்கொள்ள வேண்டாம் சார். அது அபிப்பிராயம்.

எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். நல்ல தண்ணீர் எங்கே என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தே நாலு தடவை வேறு இடம் காட்டினேன். மாமியின் மாத்திரையைப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணி என்றேன். எல்லாம் மைதானத்துக்காக. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மைதானம் இப்போது இல்லை. நீங்களே போய்ப் பார்த்திருப்பீர்கள். பெனால்டி புள்ளியில் மோட்டார் ரூம் எழும்பிவிட்டது, டாங்குக்குத் தூண் போட்டாயிற்று, தெற்குக் கம்பத்தைப் பிடுங்கி அதில் குழாய் கட்டியிருக்கிறார்கள். மைதானத்துக்காகச் செய்தேன் என்கிறாயே, அது போனதில் வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். இல்லை சார். நேற்று அந்த வழியாகப் போகும்போது மனதுக்கு நிறைவாகவே இருந்தது. இனி அங்கே யாரும் கோல் காக்கப் போவதில்லை. கடைசியாகக் காத்தது நான்தான்.